குழந்தைக்கு முதல் வேடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியம் பற்றியும் இசை பற்றியும் கேட்டுப் பழகிய இவ்வவையில், இணைய விளையாட்டைப் பற்றி ஒருவன் பேச வந்து நிற்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சிலருக்கு வருத்தமாகவும் இருக்கலாம். விளையாட்டு நல்லதா தீயதா என்று வழக்காட நான் வரவில்லை. அவ்வழக்கு ஒவ்வோர் இல்லத்திலும் நாள்தோறும் நடைபெறுகிறது. தீர்ப்பும் பெரும்பாலும் குழந்தைகளின் பக்கமே ஆகிறது. ஆகவே, நம் பிள்ளைகள் விளையாடத்தான் போகிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டு, அவர்கள் உள்ளே நுழையும் வாயிலில் எழும் ஒரு சிறு வினாவை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

பலர் கூடி ஆடும் இணைய விளையாட்டுகள் பலவற்றில், ஆட்டம் தொடங்குமுன் குழந்தை தனக்கென ஒரு பாத்திரத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். அப்பாத்திரம் வாள் வீரனா, வேடனா, மந்திரவாதியா, காயம் ஆற்றும் மருத்துவனா என்று விளையாட்டு கேட்கும். இதனை ஆட்டக்காரர்கள் ‘கிளாஸ்’ என்று வழங்குவர். நாம் அதனை ‘வேடம்’ என்றே சொல்லுவோம். நம் கூத்தும் நாடகமும் நமக்குத் தந்த சொல் அது. “அப்பா, நான் எந்த வேடத்தை எடுத்துக்கொள்ளட்டும்?” என்று குழந்தை கேட்கிறது. தந்தையோ செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்” என்கிறார். அந்த விடை போதாது என்பதே என் பேச்சின் சாரம்.

இவ்வேடப் பிரிவு எங்கிருந்து வந்தது? 1974ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்றொரு விளையாட்டை வெளியிட்டனர். கணினி அதற்குத் தேவையில்லை. மேசையைச் சுற்றி நண்பர்கள் அமர்ந்து, பகடை உருட்டி, ஒரு கதையைத் தாமே நடத்திச் செல்வர். அதில் முதலில் இருந்த வேடங்கள் மூன்றே: போர் வீரன், மந்திரவாதி, சமயகுரு. வீரன் அடி வாங்கியும் தாங்குவான். மந்திரவாதி தொடக்கத்தில் மிக மெலியவன். பின்னரே பேராற்றல் பெறுவான். சமயகுரு காயம் ஆற்றுவான். ஒருவனிடம் இல்லாத ஆற்றல் மற்றொருவனிடம் இருப்பதால், ஒருவரை ஒருவர் நாடியே தீரவேண்டும். இவ்வமைப்பே பின்னாளில் கணினிக்குள் குடிபுகுந்தது. 2004இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ ஒன்பது வேடங்களுடன் தொடங்கியது. இன்று அதில் பதின்மூன்று வேடங்கள் உள்ளன.

அவையோர்களே, சிறுவனுக்கு ஏற்ற முதல் வேடம் யாது என்னும் ஆராய்ச்சி தமிழர்க்குப் புதியதன்று. பாய்ஸ் கம்பெனி என்று வழங்கிய பாலர் நாடக சபைகளை இங்குள்ள முதியோர் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருப்பர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு ஒரு நாடக சபையை அமைத்தார், டி. கே. எஸ். சகோதரர்கள் அதில்தான் பயின்று வளர்ந்தனர். அத்தகைய சபைகளில் வாத்தியார் ஒருவர் இருப்பார். புதிதாக வந்த சிறுவனின் குரல் எப்படி, மனப்பாடம் எப்படி, கூச்சம் எவ்வளவு என்று பார்த்தே அவனுக்கு வேடம் கொடுப்பார். வந்த அன்றே இராசபார்ட் கிடைத்துவிடாது. மெல்லிய குரலுடைய சிறுவர்க்குப் பெண் வேடம் கிடைத்தது. நடிகர் திலகம் சிவாஜி கணேசன் சிறுவயதில் சீதையாக நடித்தவரே. மகரக்கட்டு உடைந்து குரல் மாறியதும் வேடமும் மாறியது. ஆக, முதல் வேடம் முடிவான வேடமன்று. குழந்தை மேடைக்குப் பழகுவதற்கான வேடம். இவ்வுண்மையை அந்த வாத்தியார்கள் நன்கு அறிந்திருந்தனர். இன்றைய கணினித் திரைக்கு முன்னே நம் குழந்தைக்கு வாத்தியார் யார்? நாம்தாம். அந்த இடத்தை நாம் வெறுமையாக விட்டால், முன்பின் அறியாதவர் எவரேனும் வந்து அதில் அமர்ந்துகொள்வர்.

இன்னும் பழைய பாடம் ஒன்று நம் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. ஆடுபுலி ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். சதுரங்கத்தில் இரு பக்கமும் ஒரே படை. ஆடுபுலி ஆட்டத்திலோ இரு பக்கமும் வேறு வேறு. ஒருவர்க்கு மூன்று புலிகள். மற்றவர்க்குப் பதினைந்து ஆடுகள். களம் இருபத்து மூன்று புள்ளிகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் கூடிப் புலியை நகரவிடாமல் அடைக்கும். ஆட்டத்தைப் புதிதாகக் கற்கும் குழந்தைக்கு எந்தப் பக்கத்தைக் கொடுப்பது?

புலி வலியது, ஆகவே புலியைக் கொடுக்கலாம் என்று விரைந்து சொல்லிவிடுவோம். விடை சரி; காரணம் அதுவன்று. புலியைத் தவறாக நகர்த்தினால் அப்புலி களத்தை விட்டுப் போவதில்லை; அடுத்த முறையில் திருத்திக்கொள்ளலாம். ஆட்டைத் தவறான புள்ளியில் வைத்தாலோ, அந்த ஆடு போயிற்று, மீளாது. மேலும், ஆட்டுக்காரன் பதினைந்தையும் ஒருங்கே மனத்தில் வைத்து, எது எதற்குத் துணை என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். புலிக்காரனுக்கு மூன்றை நினைத்தால் போதும். ஆகவே, புலி வலியது என்பதற்காக அன்று. அது பிழை பொறுக்கிறது, நினைவுச் சுமையைக் குறைக்கிறது என்பதற்காகவே அது குழந்தைக்கு ஏற்றதாகிறது. குழந்தை தேர்ந்தபின், திறமெல்லாம் ஆட்டுப் பக்கமே இருக்கிறது என்று அதுவே கண்டுகொண்டு, “இனி எனக்கு ஆடு கொடுங்கள், தாத்தா” என்று கேட்கும். அந்நாள் வரும்வரை பொறுத்திருப்பதே பெரியோர் கடமை.

இதிலிருந்து நமக்குச் சில அளவுகோல்கள் கிடைக்கின்றன. முதலாவது, வேடம் பிழை பொறுக்க வேண்டும்: ஒரு தவறு செய்தவுடனே ஆட்டத்தை விட்டு வெளியேறும்படி இருத்தல் கூடாது. இரண்டாவது, ஒரே நேரத்தில் கைக்கும் கருத்துக்கும் வரும் வேலை சிறிதாக இருக்கவேண்டும்: பத்துப் பொத்தான்களை முறைப்படி அழுத்தினால்தான் பயன் என்பது சிறுவர்க்கு ஆகாது. மூன்றாவது, சிறிதே கற்ற நிலையிலும் கூட்டத்துக்குப் பயன்பட வேண்டும்: தான் வந்ததனால் பிறர்க்குத் துன்பமே என்று குழந்தை எண்ணும்படி நேரலாகாது. நான்காவது ஒன்றும் உண்டு. அது வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கே உரியது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

இவ்வளவுகோல்களைக் கொண்டு பொதுவான வேடங்களைப் பார்ப்போம். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் போன்ற விளையாட்டில் ஐவர் கூடி ஒரு குகைக்குள் செல்கின்றனர். ஒருவர் முன்னே நின்று அடி தாங்குபவர். ஒருவர் காயம் ஆற்றுபவர். மற்ற மூவரும் தாக்குபவர்.

அடி தாங்குபவன் கவசம் அணிந்தவன், எளிதில் வீழாதவன். ஆகவே அவ்வேடம் குழந்தைக்கு நன்று என்று பலர் கருதுவர். ஈண்டுக் கவனம் வேண்டும். முன்னே நிற்பவனே வழி காட்ட வேண்டியவன். எங்கே திரும்புவது, எந்தப் பகையை முதலில் எதிர்ப்பது என்பதெல்லாம் அவன் பொறுப்பு. வழியறியாத குழந்தையை ஊர்வலத்தின் முன்னே நிறுத்தினால், அது தானும் திகைக்கும். பின் வருவோரும் திகைப்பர். உடல் தாங்கும் வேடம் வேறு. உள்ளம் தாங்கும் வேடம் வேறு.

காயம் ஆற்றுபவனோ நல்லுள்ளம் படைத்த குழந்தைகளை ஈர்க்கும் வேடம். குடும்பத்தாரோடு ஆடும்போது அதனினும் இனியது இல்லை. அறிமுகமில்லாதவர் கூட்டத்தில் மட்டும் அது கொடியது. ஏனெனில், யார் வீழ்ந்தாலும் பழி அவன் தலையிலேயே விழும். எட்டு வயதுக் குழந்தை, முகமறியாத ஒருவரின் வசைமொழியைக் கேட்டுக் கண்கலங்குவதற்கா விளையாடுகிறது? ஆகவே வேடத்தை மட்டும் பாராதீர்கள். யாரோடு ஆடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தாக்குபவர்களுள் வேடன் வேடத்தைத் தொடக்கக்காரர்க்குப் பலரும் பரிந்துரைப்பர். அதற்குத் தக்க காரணம் உண்டு. வேடன் தொலைவில் நின்று அம்பெய்கிறான். அவனுடன் ஒரு விலங்கு துணையாகச் செல்கிறது. பகைவரின் அடியைப் பெரும்பாலும் அவ்விலங்கே ஏற்கிறது. குழந்தை சற்றுத் தயங்கினாலும் காலம் கிடைக்கிறது. தனியே ஆடினாலும் தனிமை தோன்றுவதில்லை. ஆயினும் இவ்விளையாட்டு சிறு குழந்தைகளுக்காக ஆக்கப்பட்டதன்று. பன்னிரண்டு, பதின்மூன்று வயதைக் கடந்த பிள்ளைகளுக்கே ஏற்றது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

அப்படியானால் சிறுவர்க்கென்றே ஆக்கப்பட்ட விளையாட்டு உண்டோ? உண்டு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள கிங்ஸ்ஐல் நிறுவனம் 2008இல் வெளியிட்ட ‘விஸார்ட் 101’ என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். இதனை வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. வேடம் தேர்தலின் நுட்பம் முழுவதும் அதில் தெளிவாக விளங்குவதால் காட்டுகிறேன். அதில் குழந்தை ஒரு மந்திரப் பள்ளியின் மாணவன். சண்டை முறை வைத்து நடக்கும். சீட்டாட்டம் போலக் கையிலுள்ள மந்திரச் சீட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அரை நிமிட அளவு அவகாசம் உண்டு. விரல் வேகம் வேண்டுவதில்லை, எண்ணம் வேண்டும். தோற்ற மாணவன் இறப்பதில்லை. வலுவிழந்து ஊர்நடுவே திரும்பி வந்து, மீண்டும் தேறிச் செல்லலாம்.

அப்பள்ளியில் ஏழு பிரிவுகள்: நெருப்பு, பனி, புயல், தொன்மம், உயிர், மரணம், சமநிலை. புயல் பிரிவின் அடி மிகக் கடுமையானது. ஆனால் அதன் மந்திரம் நூற்றுக்கு எழுபது முறையே பலிக்கும். அம்மாணவனின் உயிர்வலிமையும் ஏழினுள் மிகக் குறைவு. உயிர்ப் பிரிவின் மந்திரமோ நூற்றுக்குத் தொண்ணூறு முறை பலிக்கும், தன் காயத்தையும் பிறர் காயத்தையும் ஆற்றும், அடிமட்டும் மெல்லியது. பனிப் பிரிவுக்கு உயிர்வலிமை மிக அதிகம். பலிப்பது நூற்றுக்கு எண்பது. பகைவனை வீழ்த்த நெடுநேரம் ஆகும். நெருப்பு எழுபத்தைந்து முறை பலிக்கும். சுட்டபின்னும் சில முறைகள் தொடர்ந்து சுடும். மரணப் பிரிவு எண்பத்தைந்து முறை பலிப்பது. பகைவனிடமிருந்து எடுத்த வலிமையில் ஒரு பகுதியைத் தனக்கே ஆக்கிக்கொள்ளும். பெயரைக் கேட்டு அஞ்சவேண்டா. தனியே ஆடும் குழந்தைக்கு அது உறுதியான துணை. தொன்மம் தனக்கென ஓர் ஏவலாளனை அழைத்துக்கொள்ளும். சமநிலை எல்லார்க்கும் சிறிது சிறிது உதவும்.

இவ்வெண்களைக் குழந்தையின் உள்ளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புயலை எடுத்த குழந்தை பத்து முறை முயன்றால், ஏறத்தாழ மூன்று முறை ஒன்றும் நடவாது போகும். பெரியவர்க்கு அது கணக்கு. குழந்தைக்கு அது தோல்வி. “நான் சரியாகத்தானே செய்தேன், ஏன் பலிக்கவில்லை?” என்று கேட்கும். தன் செயலுக்கும் அதன் பயனுக்கும் உள்ள தொடர்பைக் கற்க வேண்டிய பருவத்தில், அத்தொடர்பு அடிக்கடி அறுபடுவது நன்றன்று. பேரடி என்னும் ஆசை காட்டிக் குழந்தைகளைப் பெரிதும் இழுப்பது புயலே. ஆதலால், ஆடுகளத்தைச் சில திங்கள் அறிந்தபின் புயலுக்குச் செல்லலாம் என்று அன்போடு சொல்லுங்கள்.

எந்தக் குழந்தைக்கு எது? எளிதில் அஞ்சும் குழந்தைக்குப் பனி. தான் வீழமாட்டோம் என்னும் துணிவு அதற்கு முதலில் வேண்டும். அண்ணனோடோ அக்காளோடோ ஆடும் குழந்தைக்கு உயிர். மூத்தவர் தாக்க, இளையவர் காப்பாற்றலாம். மூத்தவரைத் தாம் காத்தோம் என்னும் பெருமிதம் எந்தப் பரிசையும் விடப் பெரிது. தனியே ஆட விரும்பும் குழந்தைக்கு மரணம். பொறுமை குறைந்து, பயனை உடனே காண விரும்பும் குழந்தைக்கு நெருப்பு. சமநிலை எல்லா வேலையையும் சிறிது சிறிதாகக் கேட்பது. அதனைப் பழகியவர்க்கு விட்டுவிடலாம்.

இவ்விளையாட்டில் மற்றுமொரு நயம் உண்டு. பள்ளியில் சேருமுன், குழந்தையின் இயல்பை அறியும் பொருட்டு விளையாட்டே சில வினாக்களைக் கேட்டு, இன்ன பிரிவு உனக்கு ஏற்றது என்று சொல்லுகிறது. அதனை ஏற்கலாம், மறுத்து வேறொன்றையும் கொள்ளலாம். பெற்றோர்களே, அந்த வினாக்கள் வரும்போது அருள்கூர்ந்து அருகில் அமருங்கள். விடையைத் திருத்தாதீர்கள், கேளுங்கள். பள்ளி மதிப்பெண் ஏட்டில் காணாத செய்தி அங்கே வெளிப்படும். வீட்டில் ஓயாது குறும்பு செய்யும் பிள்ளை, “நான் பிறரைக் காப்பேன்” என்று விடை சொல்லக் கேட்டால், அன்றிரவு நீங்கள் அப்பிள்ளையைப் புதிதாகப் பார்ப்பீர்கள்.

நிற்க. வேடத்தை நாமே தேர்ந்து குழந்தையின் கையில் திணிக்கலாமா? கூடாது. ஏழையும் பரப்பி வைத்து, “எடுத்துக்கொள்” என்றால் குழந்தை திகைக்கும். ஒன்றை மட்டும் நீட்டினால் குழந்தை வெறுக்கும். நல்லன என்று நாம் கண்ட இரண்டு மூன்றை முன்வைத்து, “இவற்றுள் உனக்கு விருப்பமானது எது?” என்று கேட்பதே முறை. வரம்பு நம்முடையது, தேர்வு அதனுடையது.

தேர்ந்தபின் மாறலாமா? தாராளமாக மாறலாம். நம் கொல்கத்தா நகரமே அதற்கொரு சான்றை அளித்திருக்கிறது. பீட்டர் தங்கராஜ் என்னும் பெயரை இங்குள்ள கால்பந்து அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர் தொடக்கத்தில் நடு முன்வீரராக ஆடி, கோல் அடிக்கும் இடத்தில் நின்றவர். பின்னரே கோல் காக்கும் இடத்துக்கு மாறினார். 1956, 1960 ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடினார். 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய நம் நகரத்தின் மூன்று பெருங்கழகங்களுக்கும் காவலராக நின்றார். அடிக்க வந்தவர் காப்பவராகி அன்றோ புகழ் பெற்றார்! முதலில் கொண்ட வேடத்தோடு அவரை ஒருவர் கட்டிப் போட்டிருந்தால் இந்தியா ஒரு காவலரை இழந்திருக்கும். ஆகவே, “ஒன்றை எடுத்தால் அதையே முடிக்கவேண்டும்” என்னும் கண்டிப்பைப் பள்ளிப் பாடத்துக்கு வைத்துக்கொள்வோம். விளையாட்டில், ஒரு திங்களேனும் ஆடிப் பார்த்தபின் மாறட்டும். மாறியதற்குக் காரணம் சொல்லட்டும். அது போதும்.

இப்போது நான் ஒதுக்கி வைத்த நான்காவது அளவுகோலுக்கு வருகிறேன். இதற்காகவே இன்று பேச இசைந்தேன் என்றும் கூறலாம்.

நம் பிள்ளைகள் தெருவில் வங்காளம் பேசுகிறார்கள். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பேசுகிறார்கள். தமிழோ வீட்டுக்குள், அதுவும் பாட்டி இருக்கும் வீட்டுக்குள், சாப்பாட்டு நேரத்தில் ஒலிக்கும் மொழியாகச் சுருங்கி வருகிறது. லேக் மார்க்கெட் கடையில் காய்கறிக்கும் காப்பித்தூளுக்கும் தேவையான தமிழைக்கூட அப்பாவே பேசிவிடுகிறார். சங்கத்தில் வகுப்பு வைத்தால் எழுத்து வரும். நாவில் சரளம் வருவதற்குத் தன் வயதை ஒத்த ஒருவரோடு பேசும் தேவை வேண்டும். தேவையின்றி எந்த மொழியும் நாவில் தங்குவதில்லை.

அத்தேவையை இவ்விளையாட்டு உண்டாக்க வல்லது. அத்தை மகன் திருச்சியில் இருக்கிறான். சித்தப்பா மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். இவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை திருமணத்தில் சந்தித்தால், “நல்லா இருக்கியா?” என்பதற்கு மேல் பேச ஒன்றுமில்லாமல் நிற்கின்றனர். அவர்களே வாரந்தோறும் ஒரு மணி நேரம் ஒரு குகைக்குள் கூடிச் சென்றால், பேசுவதற்குப் பொருள் குறைவதே இல்லை. ஞாயிறு காலை எட்டு மணி என்றால் சிங்கப்பூரில் பத்தரை; இரு வீட்டிற்கும் ஏற்ற பொழுது. விளையாட்டுக்குள் அயலாரோடு உரையாடும் வசதியை மூடிவிடுங்கள்; பக்கத்தில் தொலைபேசியை வைத்து, உறவினர் மட்டும் பேசும்படி அமையுங்கள்.

ஆகவே நான்காவது அளவுகோல் இது: முதல் வேடம் குழந்தையின் வாயைக் கட்டிவிடக் கூடாது. விரைந்து விரைந்து விரல் ஓட்டும் வேடத்தில் பேச்சுக்கு இடமில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு திரையை நோக்குவதோடு சரி. முறை வைத்து ஆடும் ஆட்டமும், பின்னே நின்று காக்கும் வேடமும் பேச்சுக்கு இடம் தருவன. காப்பவன் கேட்டே ஆகவேண்டும்: “யாருக்கு அடி பட்டது? கொஞ்சம் பொறு, இதோ வருகிறேன். நீ என் பின்னால் வா. இப்போது நெருப்பைப் போடு!” எத்தனை வினைச்சொற்கள், பாருங்கள்! பொறு, வா, நில், விடு, காப்பாற்று, முந்தாதே, திரும்பிப் போகலாம்! இலக்கண நூலில் ஏவல் வினை என்று படித்தால் உறக்கம் வரும். தோழியின் உயிர் ஊசலாடும்போது சொன்னால் அது மறவாது. புயல், பனி, நெருப்பு என்று வேடங்களுக்கும் தமிழ்ப் பெயரே வழங்கட்டும். திருச்சிப் பிள்ளை சிரித்துத் திருத்தினால் திருத்தட்டும். ஆசிரியர் திருத்தினால் சுடும். உடன் ஆடுபவன் திருத்தினால் சுடாது.

இவ்வளவு சொன்னவன் எச்சரிக்கை சொல்லாது போனால் பிழையாகும். சுருங்கச் சொல்வேன்.

பொருள் பற்றி ஒன்று. இலவசம் என்று தொடங்கும் விளையாட்டு, சில படிகள் ஏறியதும் சந்தா கேட்கும். அல்லது புதிய உடை, புதிய ஆயுதம், வலிய வேடம் என்று விலை கூறும். முதல் வேடத்தை விலை கொடுத்து வாங்காதீர்கள். விலை கொடுத்த வேடம் குழந்தைக்குத் திறமையைத் தாராது. மாறும் உரிமையைப் பறித்துவிடும். “இவ்வளவு கொடுத்து வாங்கினோமே” என்று நாமே மாறவிட மாட்டோம். கட்டண வழிகளின் இரகசிய எண்ணைப் பிள்ளைகள் அறியவேண்டா.

பணயம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு இவற்றினின்று முற்றிலும் வேறானது. 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களை நடத்துவதைத் தடை செய்து, மின்விளையாட்டுப் போட்டிகளையும் பொழுதுபோக்கு விளையாட்டுகளையும் தனியே பிரித்து ஊக்குவிக்கிறது. வென்றால் காசு என்று எந்த விளையாட்டு அழைத்தாலும் அதன் வாயிலிலேயே நின்றுவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள்.

காலம் பற்றி ஒன்று. விளையாட்டுக்கு அடிமையாகும் நிலையை உலக நல அமைப்பு நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. நிறுத்த இயலாமை, பிற கடமைகளை மறத்தல், தீங்கு வந்தும் தொடர்தல் ஆகியவை அதன் அறிகுறிகள். நெடுநேரம் ஆடும் குழந்தை எல்லாம் நோயுற்றது ஆகாது. எனினும் அறிகுறி தெரிந்தால் மருத்துவரை நாட வெட்கப்படவேண்டா. வேடத்தை நினைத்தே இதற்கும் ஒரு வழி உண்டு. நாள்தோறும் வந்தால்தான் பரிசு என்று இழுக்கும் வேடத்தையும் விளையாட்டையும் தவிர்த்து, ஒரு வாரம் வராதிருந்தாலும் விட்ட இடத்தில் தொடரக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள். தேர்வுக் காலத்தில் அதன் அருமை தெரியும்.

பெயர் பற்றி ஒன்று. வேடத்துக்குக் குழந்தையின் இயற்பெயரை இடாதீர்கள். விஸார்ட் 101 போன்ற விளையாட்டில் பட்டியலிலிருந்தே பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது நல்ல ஏற்பாடு. பெயரும் பள்ளியும் வீட்டு முகவரியும் வேடத்துக்குப் பின்னே மறைந்தே இருக்கட்டும். வேடம் என்பதன் பயனே அதுவன்றோ!

அவையோர்களே, எந்த வேடம் வலியது என்று பிள்ளைகள் நம்மைக் கேட்பார்கள். எந்த வேடம் உன் பிழையைப் பொறுக்கும், எந்த வேடத்தில் நீ பிறர்க்கு உதவுவாய், எந்த வேடத்தில் உன் உறவோடு உன் மொழியில் பேச இடம் கிடைக்கும் என்று நாம் திருப்பிக் கேட்போம். இவ்வினாக்களோடு வளரும் பிள்ளை, நாளை கல்லூரியில் பாடம் தேரும்போதும், தொழில் தேரும்போதும் இவற்றையே தன்னைத்தான் கேட்டுக்கொள்ளும். பிழைப்புத் தேடி ஊர் விட்டு வந்த நம் முன்னோரும் இந்நகரில் முதலில் கிடைத்த வேடத்தையே ஏற்று, அதில் பிழை செய்து, திருந்தி, அருகிலிருந்தவர்க்கு உதவி, பின்னரே தமக்குரிய இடத்தை அடைந்தனர். அவர்களுக்குத் துணையாக இச்சங்கம் இருந்தது. நம் குழந்தைகளுக்குத் துணையாக நாம் இருப்போம்; திரைக்கு எதிரே அவர்கள் அமரும்போது, பக்கத்தில் மற்றொரு நாற்காலியைப் போட்டுக்கொள்வோம்.